‘டாக்டர் கைய விரிச்சிட்டாவ’ என்றால் என்ன பொருள்?

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டுப் பெரியவருக்கு மேலுக்கு முடியாமல் போய், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ ஏதேனும் ஒரு தனியார் மருத்துவமனையிலோ சில வாரங்கள் வைத்துப் பார்த்த பிறகு, ஊரில் விசாரிக்க வருபவர்களிடம் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது: “டாக்டர் கைய விரிச்சிட்டாவ.” அதைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிடும், ஆம்புலன்ஸ் பேசுவது, வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் சொல்வது என்று வீடு வேறு வேலையில் இறங்கிவிடும். ஆனால் மருத்துவரின் பக்கத்தில் நின்றவரைத் தனியே அழைத்து, அவர் சொன்னது என்ன என்று துருவிக் கேட்டால், ‘இந்த நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை’ என்று சொன்னதாகத்தான் இருக்கும். ‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமே இல்லை’ என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. அவசரத்தில் மருத்துவரே அப்படிச் சொல்லிவிடுவதும் உண்டு. குணப்படுத்த முடியாத நோயாளிக்கும் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் தெரியாததால்தான் பல குடும்பங்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வீடு திரும்புகின்றன.

நானும் அப்படித் திரும்பியவன்தான். முக்கூடலில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த என் பெரியம்மைக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களிடம் நீட்டப்பட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்திட்டேன். அந்தத் தாளின் பெயர் என்ன, அதனால் என்ன விளைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அறிய வேண்டிய சொல் ‘ஆதரவு சிகிச்சை’. பாலியேட்டிவ் கேர் என்று மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை என்றும், நோய்த் தணிப்புச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். இலத்தீனில் ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் அங்கி. குளிரை நீக்க முடியாவிட்டாலும் குளிரில் கிடப்பவருக்குப் போர்வை போர்த்தலாம் என்ற கருத்தே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், மலச்சிக்கல், புண், தூக்கமின்மை, அச்சம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்துத் தணிப்பதுதான் இதன் வேலை. பலர் நினைப்பதுபோல் இது கடைசி வாரத்தில் தொடங்குவது அன்று. கீமோதெரபியோ டயாலிசிஸோ நடந்துகொண்டிருக்கும்போதே அதனுடன் சேர்த்து இதையும் தொடங்கலாம். நோய் முற்ற முற்றக் குணப்படுத்தும் சிகிச்சையின் பங்கு குறைந்து, இதன் பங்கு கூடும். அந்த வளர்ச்சியின் கடைசிப் பகுதியை, அதாவது ஆயுள் சில மாதங்களாகவோ வாரங்களாகவோ நாட்களாகவோ சுருங்கிவிட்ட காலத்தைத்தான் ‘இறுதிக்காலப் பராமரிப்பு’ என்கிறோம். ஆகவே எல்லா இறுதிக்காலப் பராமரிப்பும் ஆதரவு சிகிச்சையே. எல்லா ஆதரவு சிகிச்சையும் இறுதிக்காலத்துக்கு உரியதன்று.

‘ஹாஸ்பிஸ்’ என்பது இந்தப் பராமரிப்பைத் தரும் இல்லம். 1967இல் லண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லமே இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் முன்மாதிரி. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கப்பட்டது. நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வேறொரு வழி உருவாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பு, நோயாளியை இல்லத்துக்கு அழைப்பதைவிட அவர் வீட்டுக்கே சென்று பார்ப்பதை முதன்மையாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளுடன் ‘நோய் ஆதரவு சிகிச்சை’யும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்றாக உள்ளது. படுக்கையில் கிடப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். “பெரியம்மைக்கு முடியல” என்றால் மாத்திரை தருவார்கள், “ஆதரவு சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கு வருவாங்களா?” என்றால் பேச்சு வேறு திசையில் போகும்.

‘முற்றிய நோய்’, ‘இறுதிக் கட்டம்’, ‘இறக்கும் தறுவாய்’ ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். முற்றிய நோய் என்பது நோய் முழுமையாகக் குணமாகும் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதை மட்டும் குறிக்கும். அந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. இறுதிக் கட்டம் என்பது மரணம் அண்மிக்கும் மாதங்களையும் வாரங்களையும் குறிக்கும். இறக்கும் தறுவாய் என்பது கடைசி நாட்களும் மணிகளும். ‘டாக்டர் கெடு வச்சிட்டாவ’ என்று நாம் சொல்வது மருத்துவத்தில் ‘நோய்ப்போக்குக் கணிப்பு’ எனப்படும். அது கணிப்பே தவிரக் கெடு அன்று. எத்தனை நாள் என்று கேட்பதைவிட, “நாட்கணக்கா, வாரக்கணக்கா, மாதக்கணக்கா?” என்று கேட்பதே நல்லது. அதற்கு மருத்துவரால் ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலை வைத்து வெளிநாட்டில் இருக்கும் மகன் எப்போது புறப்பட வேண்டும் என்பதையும் வீட்டார் முடிவு செய்துகொள்ள முடியும்.

இனி வலியைப் பற்றி. இதில்தான் அறியாமை அதிகத் துன்பத்தைத் தருகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிசிலி சாண்டர்ஸ் ‘முழுமையான வலி’ என்றொரு கருத்தை வகுத்தார். உடம்பு வலி, மனத்தின் வேதனை, பணத்தையும் குடும்பத்தையும் பற்றிய கவலை, ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்ற ஆன்மாவின் தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் தணித்துவிட முடியாது. என் பெரியம்மை இரவில் முனகும்போது முதுகுவலி என்று மட்டும் எண்ணி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்த செவிலியர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, “ராத்திரியில என்ன நெனப்பு ஓடுது, ஆச்சி?” என்று கேட்டபோதுதான், இளைய மகளின் நகையை அடகிலிருந்து மீட்காமல் போய்விடுவோமோ என்ற கவலை வெளியே வந்தது. நகையை மீட்டுக் கையில் காட்டிய பிறகும் வலி இருந்தது. முனகல் பாதியாகக் குறைந்தது.

கடுமையான புற்றுநோய் வலிக்கு உலகமெங்கும் முதன்மையாகப் பயன்படுவது ‘மார்ஃபின்’. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வலிக்கான படிமுறை ஒன்றை வெளியிட்டது. அதன்படி முதற்படியில் பாராசிட்டமால் போன்ற மாத்திரைகள், அடுத்த படியில் மிதமான ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள், மேற்படியில் மார்ஃபின் போன்றவை. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் ஊரில் அதற்குப் ‘போதை மாத்திரை’ என்றும், ‘அதைக் குடுத்தா கதை முடிஞ்சிரும்’ என்றும் பெயர் வந்துவிட்டது. இரண்டுமே தவறான எண்ணங்கள். வலியின் அளவைப் பார்த்துக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது மூச்சை நிறுத்துவதில்லை. வலிக்காக முறையாக உட்கொள்பவர் அதற்கு அடிமையாவதும் அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரத்துக்குத்தான் நிற்கும் என்பதால், வலி வந்த பிறகு தேடாமல் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் வரலாம்; அவை பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல் ஒன்றே. அதற்கு மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தர வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையாக இருந்ததால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கிவைக்கத் தயங்கின. 2014இல் வந்த சட்டத் திருத்தம் அந்த நடைமுறையை எளிதாக்கியது. எனினும் எல்லா மருந்துக்கடைகளிலும் அது கிடைப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலிருந்து மருத்துவரின் சீட்டைக் கொண்டுதான் பெற வேண்டும்.

நான் முன்னே சொன்ன தாள் இந்த இடத்தில்தான் வருகிறது. அதன் பெயர் ‘லாமா’. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம் என்று குடும்பத்தார் எழுதிக்கொடுப்பது அது. ‘உயிரு வீட்டுலதான் போகணும்’ என்பது நம் பக்கத்தில் மிக ஆழமான விருப்பம். அந்த விருப்பத்தை நிறைவேற்ற வேறு வழி தெரியாமல் பலர் இதில் கையெழுத்திடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல்வரை ஆம்புலன்ஸில் பெரியம்மையின் தலைமாட்டில் உட்கார்ந்து, சாலை மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கத்தியதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். கையில் ஸ்கேன் படங்கள் இருந்தன, ரசீதுகள் இருந்தன. வலிக்கு ஒரு சீட்டு இல்லை, இரவில் என்ன செய்வது என்று கேட்க ஓர் எண் இல்லை. மருத்துவமனையின் பார்வையில் நாங்கள் சிகிச்சையை மறுத்துச் சென்றவர்கள். எட்டு நாட்கள் கழித்துத்தான் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் எங்களுக்குக் கிடைத்தார். அந்த எட்டு நாட்களின் வலி தேவையில்லாத வலி. ஆகவே வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புபவர்கள், லாமாவில் கையெழுத்திடும் முன், “ஆதரவு சிகிச்சைக்கான திட்டத்துடன் டிஸ்சார்ஜ் செய்ய முடியுமா?” என்று கேளுங்கள். வலி மருந்து, குமட்டல் மருந்து, மலமிளக்கி, மூச்சுத்திணறலுக்கு என்ன கொடுப்பது, யாரை அழைப்பது ஆகியவை எழுதப்பட்ட தாளைக் கேளுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வேறு சில சொற்கள் காத்திருக்கும். ‘வென்டிலேட்டர்’ என்பது தானாக மூச்சுவிட இயலாதவருக்குக் குழாய்வழி மூச்சைச் செலுத்தும் கருவி. ‘மிஷின்ல வச்சிருக்காவ’ என்று நாம் சொல்வது இதைத்தான். நிமோனியா போல மீளக்கூடிய நோயில் அது உயிரைக் காக்கும் பாலம். மீள முடியாத நோயில் அது மரணத்தை நீட்டிக்கும் கருவியாகவும் ஆகலாம். ‘சி.பி.ஆர்.’ என்பது நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க மார்பை அழுத்துவது. நன்றாக இருந்தவர் திடீரென்று விழுந்தால் உடனே செய்ய வேண்டியது. ஆனால் புற்றுநோய் முற்றி உடல் ஓய்ந்தவரிடம் அது பயன் தருவது மிக அரிது, விலா எலும்பு முறிவதும் உண்டு. அத்தகைய நோயாளிக்கு இதயம் நிற்கும்போது அந்த முயற்சியைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே எடுக்கும் முடிவுக்கு ‘டி.என்.ஏ.ஆர்.’ என்று பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்த முடிவு அந்த ஒரு செயலை மட்டுமே தடுக்கும். வலி மருந்தோ, காய்ச்சல் மருந்தோ, புண்ணுக்குக் கட்டுவதோ எதுவும் இதனால் நிற்பதில்லை. இதைக் குடும்பத்தாரும் சில நேரம் பணியாளர்களும்கூட மறந்துவிடுகிறார்கள்.

‘கோமா’, ‘மூளைச்சாவு’ ஆகியவற்றைப் பிரித்தறிவதும் அவசியம். கோமாவில் இருப்பவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார், ஆனால் உயிருடன் இருக்கிறார். சிலர் அதிலிருந்து மீள்வார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட மூளையின் இயக்கம் மீளமுடியாமல் நின்றுவிட்டது. வென்டிலேட்டரால் மார்பு ஏறி இறங்கினாலும், கை சூடாக இருந்தாலும், அவர் இறந்துவிட்டார். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 4 மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே அது உறுதி செய்யப்படுகிறது.

அடுத்து, எல்லாரையும் கலங்கவைக்கும் ‘கருணைக்கொலை’. பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பல பொருளில் பயன்படுத்திவிட்டதால் குழப்பம் மிகுந்துவிட்டது. ஊசி போட்டு வேண்டுமென்றே உயிரை முடிப்பது ஒரு செயல்; பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதோ, தொடங்கியதை நிறுத்திக்கொண்டு நோயின் போக்கில் மரணம் வர விடுவதோ வேறொரு செயல். முன்னது இந்தியாவில் குற்றம். பின்னதைச் ‘செயலற்ற கருணைக்கொலை’ என்று நீதிமன்றத் தீர்ப்புகளே குறிப்பிட்டன. ஆயினும் அந்தப் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் வெளியிட்ட சொல்விளக்கத்தில் கூறியது. அதுவே சரி என்பது என் எண்ணம். ‘கொலை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, தகப்பனுக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்த மகன் வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லைச் சுமப்பான்.

1973இல் தாக்கப்பட்டு, அதன்பின் ஏறக்குறைய 42 ஆண்டுகள் மும்பை மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்து 2015இல் இறந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்ட ஆவணமே ‘லிவிங் வில்’. தமிழில் வாழும் உயில் என்றும், முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் என்றும் எழுதுகிறார்கள். நாம் அறிந்த உயில் இறந்த பிறகு சொத்தைப் பற்றிப் பேசும். இது உயிருடன் இருந்தும் பேச முடியாதபோது சிகிச்சையைப் பற்றிப் பேசும். மனத்தெளிவுள்ள, வயதுவந்த எவரும் எழுதலாம். 2018இல் நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்றிருந்த கடினமான விதி, 2023 ஜனவரியில் மாற்றப்பட்டது. இப்போது 2 சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும். நமக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று பெயர் குறிப்பிடலாம். அந்த ஆவணம் இருந்தாலும் மருத்துவர் தனியாக முடிவெடுத்துவிட முடியாது. மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய இரண்டாம் குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தென் மாவட்டங்களில் வழங்கும் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல்லையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. படுக்கையில் விழுந்த முதியவரின் உயிரை வீட்டாரே முடித்துவைக்கும் அந்த வழக்கத்தைச் சிலர் கருணை என்ற பெயரால் நியாயப்படுத்துகிறார்கள். நோயாளியின் சம்மதம் இல்லை, மருத்துவர் இல்லை, சட்டம் இல்லை, அது கொலையே. ஆனால் அந்த வீடுகளில் நாற்றமெடுக்கும் படுக்கைப் புண்ணும், தணியாத வலியும், மாற்றிவிட ஆளில்லாத ஒற்றைப் பெண்ணின் களைப்பும் இருந்திருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரும்பாலும் தடுக்கலாம். காற்று மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. ‘பராமரிப்பாளர்’ என்ற சொல் மருத்துவக் குறிப்புகளில் வருவது அந்தத் திருப்பிப் படுக்கவைக்கும் மனிதரைக் குறிக்கத்தான். அவருக்கு வாரத்தில் ஒருநாள் முழுத் தூக்கம் கிடைக்கச் செய்வதும் சிகிச்சைத் திட்டத்தின் பகுதியே.

கடைசி நாட்களின் சொற்கள் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘அன்னந்தண்ணி எறங்கல’ என்பது முதல் அறிகுறி. உடல் ஓயத் தொடங்குவதால் பசி நிற்கிறது. பசி நின்றதால் உடல் ஓய்கிறது என்று நாம் தலைகீழாக எண்ணிக்கொண்டு, வாயில் திணிக்கிறோம் அல்லது குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறோம். திணித்த கஞ்சி புரையேறும். ஏற்றிய நீரை அந்த உடலால் வெளியேற்ற இயலாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி பெருகும். ‘கோழை கட்டிட்டு’ என்று சொல்லும் கரகர ஒலி, விழுங்க இயலாததால் தொண்டையில் தேங்கும் நீரின் ஒலி. கேட்பவரைத்தான் அது வதைக்கும். அந்த நிலையில் பெரும்பாலும் நினைவு மங்கிவிட்ட நோயாளியை அவ்வளவாக வதைப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். ‘மேல்மூச்சு வாங்குது’ என்பது மூச்சு வேகமாகி, ஆழமாகி, சில நொடிகள் நின்று, மீண்டும் தொடங்கும் நிலை. கால் சில்லிட்டுப்போகும். காதுக்குக் கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால், கட்டிலருகே நின்று அடக்கச் செலவைப் பேச வேண்டாம்.

‘இறுதிக்கால அமைதியின்மை’ என்று ஒன்று உண்டு; கடைசி நாட்களில் நோயாளி நிலைகொள்ளாமல் கைகால்களை அசைத்துக்கொண்டே இருப்பது அது. பெரியம்மை கடைசி இரண்டு நாட்கள் கண்ணை மூடியபடியே, வலது கைப் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து உருட்டிக்கொண்டே இருந்தார்கள். வலியில் துடிக்கிறார்கள் என்று நாங்கள் கையைப் பிடித்து அமுக்கினோம். செவிலியர் முகத்தைப் பார்த்தார்; நெற்றி சுருங்கவில்லை, முனகல் இல்லை. “வலி இல்லை. பீடி சுத்துதாவ. விட்டுருங்க” என்றார். கையை விட்டோம். கதவருகே சாத்தியிருந்த பழைய முறத்தை மதினி எடுத்துவந்து அவர்கள் மடியருகே வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கடைசியில் ‘பால் ஊத்துதல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. உறவினர் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு கரண்டிப் பால் விடுவார்கள். விழுங்க இயலாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும் என்று செவிலியர் சொன்னபோது, பெரியவர்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள். அவரே அதற்கு ஒரு வழியும் சொன்னார். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து, நன்கு பிழிந்து, உதட்டிலும் நாக்கின் நுனியிலும் தடவ வேண்டும். உலர்ந்த வாயை ஈரமாக வைப்பதற்கு ‘வாய்ப் பராமரிப்பு’ என்று அவர்கள் துறையில் பெயராம். அன்று இரவு பதினேழு பேர் வரிசையில் வந்து அப்படித்தான் பால் ஊற்றினார்கள்.